கண் உருவாகும் கிழமை

உயர்தர உயிரியல் வகுப்பில், கண் எப்படி உருவாகிறது என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய திமிர் இருந்தது. பாடத்திட்டத்தில் அது அவ்வளவாக இல்லை. சோதனைக்கும் வராது. ஆனாலும் மழை நாட்களில், பாதிப் பிள்ளைகள் வராத வகுப்பில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைத்தான் சொல்லத் தொடங்குவேன்.

கருவுக்கு மூன்று வாரம் முடிந்து நான்காவது கிழமை நடக்கும்போது, மூளையாகப் போகிற குழாயின் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ் புடைக்கும். அந்தக் குமிழ் வளர்ந்து போய் மேல்தோலைத் தொடும். தொட்டவுடன் ஒரு சமிக்ஞை போகும். உடம்பைக் கட்டுகிற நுண்ணிய கலங்களுக்கு வாய் கிடையாது. ஒரு கலம் ஒரு பொருளைக் கசியவிடும், பக்கத்துக் கலம் அதைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் அவற்றின் பேச்சு. அதுவரை கையிலும் வயிற்றிலும் இருக்கிற தோலைப்போல இருந்த அந்த இடம், செய்தி கிடைத்த பிறகு தடித்து, குழிந்து, கழன்று, கண்ணின் வில்லையாக மாறும். வில்லை திருப்பி ஒரு பதில் அனுப்பும். குமிழ் ஒரு கிண்ணமாக மடங்கி விழித்திரையாகும். தவளையின் கரு முளையத்தில் அந்தக் குமிழை நேரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டால், மேலே இருக்கிற தோல் கடைசிவரை வெறும் தோலாகவே இருந்துவிடும் என்று முடிப்பேன். கடைசி வரிசை வாங்கில் தூங்குகிறவனும் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன், வேறொன்றுக்கும் இல்லை.

இப்போது அதைச் சொல்வதில்லை. என் தங்கச்சியின் மகளுக்கு இடது கண் இல்லை. இமை இருக்கிறது, இமை மயிர்கூட நீளமாக, வடிவாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வலது கண் ஒரு பயறு அளவு. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான். இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு அவர்கள் ஊரான பேசாலையில் ஒரு கதை இருக்கிறது. என்னிடம் வேறொரு கதை இருந்தது. அதை நான்கு வருடம் என் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

தங்கச்சிக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவள் நாங்கள் கடல் கடந்து போய்த் தங்கிய மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அவளைப் பெற்ற பிறகு அம்மா சரியாக எழும்பவே இல்லை, ஒரு வருடத்துக்குள் போய்விட்டார். பதின்மூன்று வயதில் நான் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றேன். முகாமில் பலர் அவளை என் பிள்ளை என்றே நினைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை. ஊர் திரும்பி, அப்பாவும் போன பிறகு, எனக்கு நியமனம் கிடைத்து உப்புக்குளத்தில் வாடகைக்கு வீடு எடுத்தபோதும் அவளை என்னோடுதான் வைத்திருந்தேன். சாப்பிட்டாளா, படித்தாளா, தலையில் பேன் இருக்கிறதா என்பதெல்லாம் என் பொறுப்பு. நான் ஒன்று சொன்னால் அவள் அதைச் செய்வாள். ஏன், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று எனக்குள் பெருமை.

முப்பத்தெட்டு வயதில் என் முகம் முழுக்கப் பரு வந்தது. சின்னக் குமரிகளுக்கு வருவதுபோல் அல்ல, சீழ் கட்டி, தலையணையில் கன்னம் பட்டாலே நோகிற கட்டிகள். வகுப்பில் எனக்கு 'அன்னமுன்னா டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவனைத் தேடிப் பிடித்துக் குட்ட வேண்டும் போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது, அந்தச் சீத்தாப்பழத்தின் தோலுக்கும் என் கன்னத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் வெளியூரில் இருந்து வந்து போகிற ஒரு தோல் வைத்தியரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்க முன்னம் கேட்டது, "கலியாணம் கட்டினனீங்களோ?" என்பது. இல்லை என்றேன்.

"பிள்ளை பெறுற யோசனை ஏதும் இருக்கோ?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பருவுக்கு மருந்து கேட்டு வந்த இடத்தில் இது என்ன விசாரணை. "அந்தக் கதை எனக்குத் தேவையில்லை டொக்டர், மருந்தை எழுதுங்கோ" என்றேன். அவர் ஒரு தாளை நீட்டி, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஏதோ விளக்கிக்கொண்டும் இருந்தார். நான் ஒரு கையால் கைப்பையின் சிப்பை இழுத்தபடி மறுகையால் கையெழுத்துப் போட்டேன். கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளை நான் மன்னிப்பதே இல்லை.

மருந்து வேலை செய்தது. நான்கு மாதத்தில் கட்டிகள் வற்றி, குழிகள் மட்டும் மிஞ்சின. உதடு வெடித்து இரத்தம் வந்ததால் மிச்ச மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். ஆறு அட்டை குளிசை மிஞ்சியது. வெளிப்பெட்டியை எறிய மனமில்லாமல் அதில் சிவப்புப் பேனையின் மைக் குச்சிகளைப் போட்டுவைத்தேன். அட்டைகளை அலுமாரியில் வைத்தேன்.

அடுத்த வருடம் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பேசாலை ஆள், சொந்தமாக வள்ளமும் எஞ்சினும் வைத்திருந்தார். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். ஈஸ்டர் முடிந்த கிழமையில் கலியாணம் என்று பேசி முடித்தோம். பொங்கல் கழிந்து இரண்டு கிழமை இருக்கும், தங்கச்சி கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியைத் தடவினாள்.

"அக்கா, இது ஃபோட்டோவில தெரியுமே?"

நாலே நாலு பரு. வேப்பிலை அரைத்துப் பூசினால் போயிருக்கும். நான் அலுமாரியைத் திறந்து ஆறு அட்டையையும் எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது என்ன குளிசை?"

"விற்றமின் A மாதிரி ஒண்டு. கண்ணுக்கும் நல்லது."

அப்படித்தான் சொன்னேன். விற்றமின் A குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியரைப்போல் நிமிர்ந்து நின்று சொன்னேன். அதோடு விட்டேனா, இல்லை. "ஒரு நாளைக்கு ஒண்டு. தொடங்கின மருந்தை இடையில விடக்கூடாது, கடைசிக் குளிசை வரைக்கும் போட்டு முடிக்கவேணும். போட்டவுடன கலண்டரில ஒரு சரி போட்டுக்கொள், மறக்கமாட்டாய்" என்றும் சொன்னேன். கிருமிகளுக்குக் கொடுக்கிற மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது என்று அதற்கு முந்தின மாதம்தான் வகுப்பில் படிப்பித்திருந்தேன். அந்த விதியை எடுத்து இதற்கு ஒட்டினேன்.

ஈஸ்டருக்குப் பிறகு கலியாணம் நடந்திருந்தால் குளிசைகள் அதற்கு முன்னமே முடிந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் தமையன் பிரான்சில் இருந்தார். அவருக்கு மாசி மாதத்தில்தான் லீவு என்று செய்தி வந்தது. தமையன் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்றார் மாப்பிள்ளை. மாசி என்றால் விபூதிப் புதனுக்கு முன்னம் முடிக்கவேண்டும். அதன்பிறகு தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்குப் பந்தல் போடுவதில்லை. அவசர அவசரமாகக் கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்து, திங்கட்கிழமை கலியாணத்தை முடித்தோம். புதன்கிழமை இருவரும் நெற்றியில் சாம்பலோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் தங்கச்சியைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குளிசை போடுறியே?"

"ஓம் அக்கா. ஒரு நாளும் விடேல்ல."

நல்ல பிள்ளை என்று அவள் கன்னத்தைத் தட்டினேன்.

கலியாணம் முடிந்த கையோடு அவளுக்குப் பிள்ளை தங்கியது. எங்களுக்கு அது தெரியவந்தது ஈஸ்டர் கழிந்த பிறகு. மருத்துவமாது வீட்டுக்கு வந்து பதிந்து, கிளினிக் கார்டும் இரும்புக் குளிசையும் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்காம் மாதம் நடக்கும்போது, தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில், தங்கச்சியின் புருஷனுடைய வலையில் ஒரு ஆவுளியா பட்டது. கடற்பசுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிடிக்கக்கூடாது என்று சட்டம், பட்டாலும் விட்டுவிட வேண்டும். அவர் விடத்தான் நினைத்தாராம். கூட வந்த இரண்டு பேரும் விடவில்லை. வள்ளத்தில் ஏற்றும்போது அது உயிரோடு இருந்தது. கரையில் வைத்து, கடற்படைக்காரன் காண முன்னம் வெட்டிப் பங்கு போட்டார்கள். அவர் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாட்டிறைச்சி மாதிரித்தான் இருக்கும். எனக்கும் ஒரு சட்டி வந்தது, நானும் சாப்பிட்டேன். தங்கச்சிக்கு அப்போதுதான் மசக்கைச் சத்தி நின்று பசி தொடங்கிய நேரம், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

அவர் மட்டும் சாப்பிடவில்லை. "உடம்பு அவ்வளவு பெரிசு மச்சாள், கண் இத்தினைதான்" என்று விரல் நுனியைக் காட்டினார். "வெட்டும் வரைக்கும் அதில தண்ணி வடிஞ்சுகொண்டே இருந்தது. என்னைத்தான் பாத்தது."

கடலை விட்டு வெளியே எடுத்தால் அதன் கண் காயாமல் இருக்க நீர் சுரக்கும், அது அழுகை இல்லை என்று நான் உடனே விளக்கம் கொடுத்தேன். எதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது.

கார்த்திகை மழையில் பிள்ளை பிறந்தது. பெண். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். வைத்தியர் வந்து விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பார்த்தார். மற்ற இமையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு டோர்ச் கேட்டார். பார்த்து முடித்துவிட்டுப் போய் நெடுநேரம் கை கழுவினார்.

"அக்கா, பிள்ளை ஏன் கண் திறக்குதில்லை?" என்று கேட்டாள் தங்கச்சி.

"பிறந்த பிள்ளையள் உடனே திறக்காது" என்றேன்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வைத்தியர் தமிழில் பொறுமையாகக் கேட்டார், கர்ப்ப காலத்தில் மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று. மருத்துவமாது தந்த இரும்புக் குளிசையைத் தவிர ஒன்றும் இல்லை என்றாள் தங்கச்சி. பக்கத்தில் இருந்த நானும் இல்லை என்று தலையாட்டினேன். அப்போது நான் பொய் சொல்லவில்லை. பிள்ளை தங்கியது தெரிந்த நாளில் இருந்துதான் கர்ப்ப காலம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காரணம் சொல்ல முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பேசாலையில் காரணம் தேட யாரும் மினக்கெடவில்லை. அது முன்னமே தயாராக இருந்தது. ஆவுளியாவின் கண் சின்னது, பிள்ளையின் கண்ணும் சின்னது. தங்கச்சியின் புருஷனிடம் அவருடைய தாய் முகத்துக்கு நேரே சொன்னார், "அழுத சீவனை வெட்டி வயித்துப்பிள்ளைக்காரிக்குக் குடுத்தாய், இப்ப வீட்டுக்குள்ள வந்திருக்கு." அவர் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு, எஞ்சினைக் கழற்றிச் சாக்கால் மூடினார். ஐஸ் கட்டி ஏற்றுகிற இடத்தில் நாள் கூலிக்குப் போனார். வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடுவதை நிறுத்தினார், பிறகு புதனிலும் நிறுத்தினார். மனிதர் எங்கள் கண்முன்னே வற்றத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நல்ல மனிதன் ஒரு முட்டாள் கதைக்குத் தன்னைக் காவு கொடுக்கிறானே என்று. பிள்ளைக்கு மூன்று மாதமானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கதையை முடித்துவைக்கிறேன் என்று பேசாலைக்குப் பஸ் ஏறினேன்.

மேசைக்கு முன்னால் தங்கச்சியையும் அவரையும் உட்காரவைத்தேன். பாண் ரொட்டி வந்த மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்து, உள்ளே கையை விட்டு, பெருவிரலால் பையை வெளியே தள்ளிக் காட்டினேன். "இது மூளைப் பக்கத்தில இருந்து வாற குமிழ். இந்தப் பை தோல். குமிழ் வந்து தொட்டு, கண்ணாகு எண்டு தோலுக்குச் சொல்லவேணும். சொல்லுறது சரியாப் போகாட்டிக் கண் வராது. இந்த வேலை நாலாம் கிழமையில தொடங்கும், ஏழாம் கிழமையோட பெரும்பாலும் முடிஞ்சுபோம். ஆவுளியா பட்டது நாலாம் மாதம். அதுக்கு முன்னமே எல்லாம் நடந்து முடிஞ்சுது. உங்கட வலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைத் தம்பி."

அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்டேன். நான் எதற்கு வந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது.

"அப்ப அது எந்த நாள் நடந்தது மச்சாள்? சொல்லுங்கோ" என்றார். "அண்டைக்கு நான் என்ன செய்தனான் எண்டு பாக்கவேணும்."

கடல்காரர்களுக்கு எதற்கும் நாள் வேண்டும். எந்தக் காற்றில் எந்த வலை போட்டோம் என்பது அவர்களுக்கு நாள் கணக்கில் நினைவிருக்கும். நான் உற்சாகமாகப் போன வருடக் கலண்டரைக் கேட்டேன். புதுக் கலண்டருக்கு அடியிலேயே அது தொங்கியது, ஆலயத்தில் கொடுக்கிற கலண்டர். தங்கச்சி கிளினிக் கார்டைக் கொண்டுவந்து தந்தாள். மாசியில் இருந்து எண்ணிக்கொண்டு போனேன். விபூதிப் புதன், முதலாம் கிழமை, இரண்டாம் கிழமை. தவக்கால ஞாயிறுகள் ஊதா நிறத்தில் அச்சிட்டிருந்தன. நான்காம் கிழமையில் விரலை வைத்தேன்.

விரலுக்குக் கீழே ஒரு சரி இருந்தது. பென்சிலால் போட்ட சின்னச் சரி. அதற்குப் பக்கத்து நாளிலும் ஒன்று. மேலே பார்த்தேன். கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்று, ஒரு நாளும் விடாமல், பங்குனிக் கடைசி வரைக்கும். நான் சொன்ன மாதிரியே போட்டிருந்தாள்.

முதலில் அது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளை பெறுகிற யோசனை உண்டோ என்று தோல் வைத்தியர் கேட்டது எதற்கு என்றும் விளங்கியது.

"எந்த நாள் மச்சாள்?"

"சரியாச் சொல்ல ஏலாது" என்றேன். "ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும்."

"அப்ப நாலாம் மாதமாயும் இருக்கலாமோ?"

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் "பரவாயில்லை மச்சாள்" என்று எழும்பி வெளியே போனார். பாண் பையை மடித்து மேசையில் வைத்தேன். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, "இந்தப் பழைய கலண்டரை நான் கொண்டுபோறன், கொப்பிகளுக்கு உறை போட உதவும்" என்றேன். அவளே சுருட்டி, ரப்பர் வளையம் போட்டுத் தந்தாள்.

வீட்டுக்கு வந்து பேனைக் குச்சிப் பெட்டியைக் கவிழ்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் படமும் அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடும் இருந்தன. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பெட்டியில் கை விட்டுத்தான் குச்சி எடுத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் பிழை போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு தேடித் தேடி வாசித்தேன். கண் கிண்ணம் மடங்குகிற இடத்தில் கலங்கள் விற்றமின் A-யில் இருந்து தாங்களே ஒரு சமிக்ஞைப் பொருளைச் செய்துகொள்கின்றன. கொஞ்சமாக, குறித்த இடத்தில், குறித்த நாட்களில் மட்டும். அந்தக் குளிசையில் இருந்தது அதே பொருளின் இன்னொரு வடிவம். ஒருவர் காதுக்குள் சொல்லவேண்டியதைக் கோயில் ஒலிபெருக்கியில் ஊருக்கே போட்டால் எப்படி இருக்கும், அப்படி. எந்தக் கலம் எதைக் கேட்டு எதுவாக ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். அதுதான் காரணம் என்று எந்த வைத்தியரும் அடித்துச் சொல்லமாட்டார். பரம்பரையலகில், அதாவது மரபணுவில், ஏதும் பிழை இருந்திருக்கலாம். அந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டே ஒரு குறையும் இல்லாத பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குள் நான் நான்கு வருடம் குடியிருந்தேன். நான் கோழை. அதை வேறு நல்ல சொல்லால் சொல்லத் தெரியவில்லை.

அந்த நான்கு வருடத்தில் வள்ளத்தின் அடிப்பலகை வெயிலில் வெடித்தது. அவர் ஆவணித் திருநாளுக்கு வெறுங்காலோடு மடுத் தேவாலயத்துக்கு நடந்து போய், முழங்காலில் கோயிலைச் சுற்றி வந்தார். தங்கச்சி இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றாள். கேட்டால், "இவருக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கேல்ல அக்கா" என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனை மன்னிக்க முயன்றுகொண்டிருந்தாள். அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு போவேன், பிள்ளைக்கு உடுப்புக் கொண்டுபோவேன், தேத்தண்ணி குடிப்பேன், திரும்பி வருவேன்.

பிள்ளை கெட்டிக்காரி. யார் வந்தாலும் காலடிச் சத்தத்தில் கண்டுபிடிப்பாள். மடியில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தடவுவது அவள் பழக்கம். என் கன்னத்துக் குழிகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணுவாள். போன வருடம் ஒருநாள் அப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"பெரியம்மா, எனக்கு இருக்கிறது ஆவுளியாட கண். அப்பா அதைப் பிடிச்சவர், அதுதான் எனக்கு வந்தது. அது பாவம், அதை நான் நல்லா வைச்சிருக்கவேணும்."

துக்கமாகச் சொல்லவில்லை. தன்னிடம் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். அவளுக்கு நான்கு வயது. இதை அவள் சாகும்வரைக்கும் நம்புவாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து கலண்டரை வெளியே எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் போனேன். கலண்டரையும் பெட்டியையும் கொண்டுபோனேன். அதே மேசை, அதே கதிரை. பிள்ளை வந்து மடியில் ஏறிக்கொண்டாள். தங்கச்சி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கலண்டரை விரித்து, எதிரே இருந்த தங்கச்சியின் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல் வைத்தியரிடம் வாயடித்தது, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது, ஆறு அட்டை, கடைசிக் குளிசை வரைக்கும் போடு என்று சொன்னது. பெட்டியில் இருந்த படத்தைக் காட்டினேன். நான்காம் கிழமையில் விரலை வைத்துக் காட்டினேன். கலண்டரை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்பதையும் சொன்னேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தார்.

"மச்சாள், உங்களுக்குப் பெரிய மனசு. என்ர பாவத்தை நீங்கள் தூக்கவேண்டாம்."

"நான் சமாளிக்கச் சொல்லேல்லத் தம்பி. இது உண்மை. இந்தா, இதில இருக்கு பாருங்கோ."

"டொக்டர் எழுதித் தாற குளிசையில ஒரு பிள்ளையின்ர கண் போகுமோ?" என்றார் தன்மையாக. "அதுவும் நீங்கள் குடுத்த குளிசையில? இவளைப் பெத்த தாய் மாதிரி வளத்தனீங்கள்." பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். "நான் அதின்ர கண்ணைப் பாத்தனான் மச்சாள். நீங்கள் பாக்கேல்ல."

எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் லொறி வருகிற நேரம் என்று வெளியே போனார். எனக்கு நன்றி சொன்னதுபோல் இருந்தது அவர் குரல்.

தங்கச்சி குசினி வாசலில் இரண்டு கோப்பையோடு நின்றாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியாது. கோப்பைகளை மேசையில் வைத்தாள். கலண்டரைத் தன் பக்கம் திருப்பினாள். தன் கையால் போட்ட பென்சில் சரிகளின் மேல் விரலை வைத்து, விபூதிப் புதனில் இருந்து ஒவ்வொரு நாளாக, ஒன்றையும் விடாமல், பங்குனிக் கடைசி வரைக்கும் வந்தாள். பெட்டியை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணுக்கும் நல்லது எண்டு சொன்னனீங்கள்" என்றாள்.

"ஓம்."

அழவாவது செய்வாள், கத்துவாள், கோப்பையைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து, என் கன்னத்தில் இருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிள்ளையை என் மடியில் இருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் அசையவில்லை. தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. அறைக்குள் பிள்ளை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அம்மா, பெரியம்மா போயிட்டாவோ?"

"ஓம்" என்றாள் தங்கச்சி. "போயிட்டா."

நான் அந்தக் கதிரையில்தான் இருந்தேன்.